ஐட்லிங்கில் நிற்காத 40 சைஸ் க்ளோ இன்ஜின்: பிளக்கா, கார்புரேட்டரா, காற்றா?

மார்ச் 2, வந்த கேள்வி

"அண்ணே, பழைய மாடல் விமான இன்ஜின் ஒண்ணு கைக்கு வந்திருக்கு. 40 சைஸ், 6.5 சிசி, டூ ஸ்ட்ரோக். பால் பேரிங் கிடையாது, வெறும் புஷ்தான். பல வருஷம் பெட்டியில கிடந்தது. கழுவி, துடைச்சு மாட்டினேன். ரெண்டு தட்டுல ஸ்டார்ட் ஆகுது. ஃபுல் த்ராட்டில்ல நல்லா கத்துது, பிளக்கைச் சூடாக்குற பேட்டரியை எடுத்தாலும் ஓடுது. த்ராட்டிலைக் குறைச்சா பத்துப் பதினஞ்சு செகண்ட் ஐட்லிங்ல நிக்கும். அப்புறம் தானா வேகம் ஏறும், அப்படியே ஆஃப். எரிபொருளைக் கூட்டிக் குறைக்கிற மெயின் நீடில் கிட்டத்தட்ட நாலு சுத்து திறந்திருக்கு. பிளக் மூணு மாத்திட்டேன். கார்புரேட்டர் தேஞ்சு போச்சு, புதுசு வாங்கியே ஆகணும்னு நினைக்கிறேன். சரிதானே?"

மார்ச் 2, இரவு

கார்புரேட்டர் வாங்காதீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

நீங்கள் எழுதியதில் இரண்டு விஷயம்தான் எனக்கு முக்கியம். ஐட்லிங்கில் தானாக வேகம் ஏறி அணைகிறது. நீடில் நாலு சுற்று. ரிச்சாகி, அதாவது எரிபொருள் மிஞ்சி, அணைகிற இன்ஜின் இப்படி அணையாது. அது மெல்லச் சோர்ந்து, தடதடத்து, புகையைக் கக்கி, எண்ணெயைத் துப்பிவிட்டுத்தான் நிற்கும். வேகம் ஏறி, பட்டென்று நின்றால் அது லீன். எரிபொருள் போதவில்லை, அல்லது வேண்டாத காற்று எங்கிருந்தோ உள்ளே போகிறது.

இந்த வகை இன்ஜினுக்கு இரண்டு, மிஞ்சினால் இரண்டரைச் சுற்று போதும். நாலு சுற்று திறந்தால்தான் ஓடுகிறது என்றால், எங்கோ இருக்கும் ஓட்டைக்கு நீடிலை வைத்து ஈடு கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

நாளைக்கு ஒரு சோதனை. ஐட்லிங்கில் ஓடும்போது கார்புரேட்டருக்குப் போகும் டியூபை விரலால் நசுக்குங்கள். இரண்டு மூன்று செகண்ட் தாங்கி, லேசாக வேகம் கூடி அணைந்தால் கலவை சரி. நசுக்கியதுமே அணைந்தால் லீன். வேகம் நிறைய ஏறி, வெகுநேரம் ஓடினால் ரிச். கை ப்ரொபெல்லருக்குப் பின்பக்கத்திலிருந்துதான் போகவேண்டும். முன்பக்கமாக எட்டிப் போய் நீடிலைத் தொடுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

லீன் என்று தெரிந்தால் ஐட்லிங் ஸ்க்ரூவைக் கால் சுற்று வெளியே திருப்பிப் பாருங்கள்.

மார்ச் 3, காலை

பிளக் மூன்று மாற்றியதைப் பற்றி நேற்று ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் எல்லாரும் முதலில் கை வைப்பது அதில்தான்.

பேட்டரி கொடுத்து, கம்பி ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தால் பிளக் நல்லது என்று எடுத்துக்கொள்கிறோம். அது பாதிச் சோதனைதான். பேட்டரியை எடுத்த பிறகும் கம்பி சூடாகவே இருப்பதற்கு இரண்டு காரணம். ஒவ்வொரு சுற்றிலும் எரிகிற வெப்பம் ஒன்று. கம்பியிலுள்ள பிளாட்டினத்தின் மேல்பரப்பில் எரிபொருளான மெத்தனாலின் ஆவி படும்போது நடக்கிற வினை இன்னொன்று. கம்பி சாம்பல் பூத்த மாதிரி மங்கிப் போயிருந்தால், அல்லது அதில் அலுமினியத் துகள் ஒட்டியிருந்தால், பேட்டரியில் அழகாக ஒளிரும், ஆனால் அந்த வினை சரியாக நடக்காது. பேட்டரியை எடுத்ததும் வேகம் விழும்.

உங்களுக்கு அப்படி விழவில்லை. பேட்டரியை எடுத்தாலும் ஃபுல் த்ராட்டிலில் ஓடுகிறது. ஆகவே பிளக்கை விட்டுவிடலாம். கழற்றிய மூன்றையும் எறியாதீர்கள், லென்ஸ் வைத்துக் கம்பியைப் பாருங்கள். மூன்றும் நன்றாகவே இருக்கும் என்பது என் நம்பிக்கை.

இந்தச் சின்னக் கம்பி மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. 1947ல் அமெரிக்காவில் ரே ஆர்டன் இதை விற்பனைக்குக் கொண்டுவரும் வரை, மாடல் விமான இன்ஜினில் பொறி வேண்டுமென்றால் காயில், கண்டென்சர், பேட்டரி எல்லாவற்றையும் விமானமே சுமந்து பறக்க வேண்டியிருந்தது. அவ்வளவு எடையையும் தரையிலேயே விட்டுவிட்டுப் பறக்க வைத்தது அரை விரல் நீளமுள்ள இந்தப் பிளக்.

மார்ச் 3, இரவு

அவரிடமிருந்து பதில்: "நசுக்கின உடனே ஆஃப். நீங்க சொன்னபடி ஐட்லிங் ஸ்க்ரூவைக் கால் சுத்து வெளியே எடுத்தேன். இப்ப மூணு செகண்ட் கூட நிக்க மாட்டேங்குது."

இது என் தவறு. கார்புரேட்டர் எந்த வகை என்று கேட்காமலே திசை சொல்லிவிட்டேன். கார்புரேட்டரின் முன்பக்கம், காற்று நுழையும் தொண்டைக்குக் கீழே ஊசி நுழைகிற அளவில் ஒரு துளை இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம்.

அப்படியானால் அது ஏர் பிளீட் வகை. இரண்டு நீடில் உள்ள கார்புரேட்டரில் ஐட்லிங் ஸ்க்ரூ எரிபொருளைக் கட்டுப்படுத்தும். வெளியே திருப்பினால் எரிபொருள் கூடும், ரிச். ஏர் பிளீட் வகையில் அந்த ஸ்க்ரூ காற்றைக் கட்டுப்படுத்தும்; வெளியே திருப்பினால் காற்று கூடும், லீன். திசை நேர் எதிர். ஏற்கெனவே லீனாக இருந்ததை நான் இன்னும் லீனாக்க வைத்துவிட்டேன்.

மேலே 2ஆம் தேதிக் குறிப்பின் கடைசி வரியை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்னால் துளை இருந்தால், ரிச்சாக்க உள்ளே திருப்பணும்.

மார்ச் 4

ஸ்க்ரூவை உள்ளே திருப்பினாராம். ஐட்லிங் 30 செகண்ட் தாங்குகிறது. பிறகு அதே கதை, வேகம் ஏறி ஆஃப்.

எதிர்பார்த்ததுதான். ஓட்டை இருக்கும்போது ஸ்க்ரூவைத் திருப்பிக்கொண்டே போனால் ஒரு நாள் ஓடும், மறுநாள் ஓடாது. செட்டிங் நிலைத்து நிற்காததே காற்றுக் கசிவுக்கு நல்ல அடையாளம்.

ஐட்லிங்கில் மட்டும் ஏன் இவ்வளவு தொல்லை என்று கேட்டிருந்தார். ஃபுல் த்ராட்டிலில் கார்புரேட்டரின் வாய் முழுக்கத் திறந்திருக்கும். அவ்வளவு காற்று போகும் இடத்தில் கசிவுக் காற்று சொற்பம். ஐட்லிங்கில் வாய் ஒரு மில்லிமீட்டர்தான் திறந்திருக்கும். அந்தச் சிறு அளவோடு பார்த்தால் அதே கசிவு பெரிது. அதனால்தான் மேலே கத்துகிற இன்ஜின் கீழே தள்ளாடுகிறது.

மார்ச் 5

கசிவை எங்கே தேடுவது? நான் டேங்கிலிருந்து தொடங்கச் சொல்வேன். காரணம் என் சொந்த அனுபவம்.

என்னிடம் ஒரு 10 சிசி இன்ஜின் இருந்தது. தரையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மூக்கைத் தூக்கிப் பிடித்தாலும் ஓடும். மேலே போய் இரண்டு நிமிடத்தில், ஏறும்போது மட்டும் இரைச்சல் மாறி, மெலிந்து, நின்றுவிடும். ஒரு சீசன் முழுக்க நீடிலைத் திருப்பினேன். பிளக் மாற்றினேன், எரிபொருள் மாற்றினேன், ப்ரொபெல்லரைக் கூட மாற்றினேன். கடைசியில் டேங்கைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே எரிபொருளை உறிஞ்சும், முனையில் எடைக்கட்டி இருக்கும் டியூப் மடங்கி, கட்டி முன்பக்கம் சிக்கிக்கொண்டிருந்தது. முன்பொரு நாள் மூக்கு குத்தி இறங்கியதில் கட்டி முன்னால் பாய்ந்திருக்கிறது. திரும்பி வரவே இல்லை. டேங்க் நிறைய இருக்கும்போது கட்டி எங்கிருந்தாலும் எரிபொருளில் மூழ்கித்தான் இருக்கும். பாதி காலியானதும் விமானம் மூக்கைத் தூக்கினால் எரிபொருள் பின்னால் ஓடும், முன்னால் இருக்கும் கட்டி காற்றை உறிஞ்சும். தரையில் மூக்கைத் தூக்கிச் சோதித்தபோதெல்லாம் டேங்கை நிரப்பி வைத்திருந்தேன், அதனால் அகப்படவே இல்லை.

ஆகவே: டேங்கைக் கழற்றுங்கள். எல்லா டியூபையும் அடைத்து, ஒன்றின் வழியாக ஊதி, தண்ணீரில் அமுக்குங்கள். குமிழி வந்தால் மூடியில் கசிவு. மூடி கசிந்தால் மஃப்ளரிலிருந்து (சைலன்சர்) வரும் பிரஷர் டேங்கில் நிற்காது, எரிபொருள் தள்ளப்படாது, லீன் ஆகும். சோதித்த பிறகு டேங்கை நன்றாக உலர்த்தி, கொஞ்சம் எரிபொருள் விட்டு அலசிக் கொட்டிவிடுங்கள். உள்ளே தண்ணீர் மிஞ்சக் கூடாது.

மார்ச் 5, பின்னிரவு

"டேங்க் பாஸ். ஒரு குமிழி கூட வரலை. கட்டி பின்னாடிதான் இருக்கு, நல்லா ஆடுது."

சரி, டேங்க் இல்லை. நாளை இன்ஜினின் பின்மூடி, பேக்பிளேட் பக்கம் போகலாம்.

மார்ச் 6, விடியற்காலை

தூக்கம் வரவில்லை. நேற்று இரவு எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

தண்ணீர்ச் சோதனை டேங்கின் வெளிச்சுவரையும் மூடியையும்தான் சோதிக்கும். உள்ளே, மூடியின் பித்தளைக் குழாயிலிருந்து எடைக்கட்டி வரை போகும் சிலிகான் டியூப் அந்தச் சோதனையில் வரவே வராது. அதில் ஊசி முனை அளவு துளை இருந்தாலும், ஊதும்போது காற்று டேங்குக்குள்ளேயே கசியும். வெளியே ஒரு குமிழியும் தெரியாது. ஆனால் ஓடும்போது எரிபொருள் மட்டம் அந்தத் துளைக்குக் கீழே இறங்கிய நொடியில் இன்ஜின் காற்றை இழுக்கத் தொடங்கும்.

எனவே இன்னொரு கேள்வி: டேங்க் நிறைய இருக்கும்போது பரவாயில்லை, பாதியானதும் மோசம் என்று இருக்கிறதா? கார்புரேட்டருக்கு முன்னால் உள்ள டியூபில், ஓடும்போது மணி கோத்த மாதிரி குமிழி வருகிறதா? நுரை மாதிரிப் பொடிப்பொடியாக வந்தால் அது வேறு, டேங்க் அதிர்ந்து நுரைக்கிறது, பஞ்சு சுற்றி வைக்கணும். தனித்தனியாக மணி மணியாக வந்தால் உள்ளே துளை.

மூடியை வெளியே எடுத்து, கட்டியின் வாயை விரலால் அடைத்து, மற்ற முனையில் ஊதி, உள் டியூப் முழுவதையும் தண்ணீரில் அமுக்குங்கள். அதுதான் சரியான சோதனை.

மார்ச் 8

கிடைத்துவிட்டது. அவர் எழுதியது:

"பித்தளைக் குழாய் முனை டியூபுக்குள்ள முடியற இடத்துல ஒரு கீறல். வளைச்சாத்தான் தெரியுது. டியூப் முழுக்கக் கொழகொழன்னு ஊதியிருக்கு. ஆரம்பத்துல டேங்குக்குள்ள பிசின் மாதிரி ஒட்டியிருந்துச்சு, பெட்ரோல் ஊத்திக் குலுக்கி ஒரு ராத்திரி வச்சிருந்தேன். அதனாலயா?"

அதனால்தான். சிலிகானுக்கு மெத்தனால் ஒன்றும் செய்யாது. பெட்ரோல் பட்டால் சிலிகான் உறிஞ்சி ஊதும், பலம் போய்விடும். அந்த நிலையில் இன்ஜின் அதிர அதிர, பித்தளைக் குழாயின் வெட்டு முனை அதைக் கத்தி மாதிரி அறுத்திருக்கிறது. குழாயை வெட்டியவர் முனையை அரம் போட்டு மழுக்கவில்லை.

புது டியூப் போடுங்கள், குழாய் முனையை மழுக்கிவிட்டு. டேங்கில் ஒட்டிய ஆமணக்கெண்ணெய்ப் பிசினுக்கு மெத்தனாலே போதும், பொறுமைதான் வேண்டும்.

மார்ச் 9

"புது டியூப் போட்டேன். நீடில் நாலுலேர்ந்து மூணுக்கு வந்துடுச்சு. ஃபுல் த்ராட்டில் டேங்க் காலியாகுற வரைக்கும் ஒரே சீரா போகுது. ஐட்லிங் ஒரு நிமிஷம் நிக்குது. ஆனா அப்பவும் கடைசியில வேகம் ஏறி ஆஃப்."

சந்தோஷமும் ஏமாற்றமும் சேர்ந்து வந்தன. ஒரு குறை கிடைத்ததும் அதுதான் மொத்தக் குறையும் என்று எனக்குள் முடிவு கட்டிவிட்டேன். மூன்று சுற்று என்பதே இன்னொன்று இருக்கிறது என்று சொல்கிறது. திரும்பி 4ஆம் தேதிக் குறிப்பைப் படித்தேன். ஐட்லிங்கில் அதிகம், ஃபுல்லில் குறைவு என்று அங்கே நானே எழுதியிருப்பது டேங்க் டியூபுக்குப் பொருந்தாது, இன்ஜின் உடம்பில் உள்ள கசிவுக்குத்தான் பொருந்தும். கைக்குக் கிடைத்த கீறலைப் பார்த்து, முதலில் யோசித்ததை மறந்துவிட்டேன்.

இடங்கள் இவைதான்: கார்புரேட்டர் கழுத்து ஓ-ரிங், நீடில் கூட்டின் ஓ-ரிங், பேக்பிளேட் கேஸ்கட், கிராங்க் தண்டின் முன்பக்கம். உங்களுடையது புஷ் வகை, முன்பக்கம் கொஞ்சம் எண்ணெய் துப்புவது இயல்பு, அதை வைத்து அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம். கழுத்திலிருந்து தொடங்குங்கள். ஐட்லிங்கில் ஓடும்போது, பின்பக்கமிருந்து, கார்புரேட்டர் கழுத்தும் இன்ஜின் உடம்பும் சேரும் விளிம்பில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். சத்தம் மாறினால் காற்று அங்கேதான் போகிறது. எண்ணெய் கொஞ்ச நேரம் அடைத்துக்கொள்வதால் வேகம் மாறும்.

மார்ச் 9, இரவு

"சொட்டு விட்டதும் வேகம் டக்குனு இறங்கிச்சு. அஞ்சாறு செகண்ட்ல திரும்ப ஏறிடுச்சு!"

ஓ-ரிங்தான். கழற்றிப் பாருங்கள், வட்டமாக இருக்காது, பட்டையாக இருக்கும்.

மார்ச் 10

பட்டையாகத்தான் இருந்ததாம். நகத்தால் அழுத்தினால் அழுந்தவில்லை, பிளாஸ்டிக் மாதிரி இறுகிப் போயிருந்ததாம். இத்தனை வருஷம் ஒரே நிலையில் நசுங்கிக் கிடந்தால் வேறெப்படி இருக்கும்.

மாட்டும்போது: கார்புரேட்டரைக் கட்டை விரலால் கீழே அழுத்திப் பிடித்தபடியே ஸ்க்ரூவை இறுக்குங்கள். வெறுமனே உள்ளே வைத்து இறுக்கினால் ஓ-ரிங் நசுங்காது, புதிது போட்டும் கசியும். இதை நான் முதன்முதலில் கற்றுக்கொள்ள இரண்டு ஓ-ரிங் செலவானது.

மார்ச் 11

இடையில் இன்னொருவர் கேட்டார்: எரிபொருளில் நைட்ரோ கூட்டினால் ஐட்லிங் சரியாகும் என்கிறார்களே, இவ்வளவு கழற்றுவானேன்?

முதலில் "நைட்ரோவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று எழுதி, அனுப்பாமல் அழித்துவிட்டேன். சம்பந்தம் உண்டு. நைட்ரோமீத்தேன் 5 முதல் 10 சதவீதம் இருந்தால் ஐட்லிங் உறுதியாக நிற்கும், கலவையில் சிறு பிழை இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். கசிவுள்ள இன்ஜினில் 15 சதவீதம் ஊற்றினால் ஒருவேளை நிற்கவும் செய்யும். எனக்குப் பயம் அங்கேதான். ஐட்லிங் நின்றுவிட்டால் கசிவைத் தேடுவதை நிறுத்திவிடுவோம். அதே கசிவு மேலே பறக்கும்போது இன்ஜினை லீனாக ஓட்டும். இந்த இன்ஜினில் மசகு எண்ணெய் எரிபொருளோடு கலந்துதான் வருகிறது. எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறையும். சூடு ஏறும்போதே மசகு குறைகிறது. பிஸ்டனும் லைனரும் தேய்வது இப்படித்தான்.

அதோடு எண்ணெய் அளவையும் கேட்டுக்கொண்டேன். புஷ் வகைக்கு 20 சதவீதம் எண்ணெய், அதில் ஒரு பங்காவது ஆமணக்கெண்ணெய் இருந்தால் எனக்கு நிம்மதி. ஆமணக்கு பிசின் பிடிக்கும், உண்மை. ஆனால் லீனாகிச் சூடேறும் நேரத்தில் கடைசி வரை ஒட்டிக்கொண்டு காப்பாற்றுவதும் அதுதான்.

டப்பா மூடியையும் உடனுக்குடன் மூடுங்கள். மெத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். திறந்தே கிடந்த டப்பா எரிபொருளில் எந்த இன்ஜினையும் டியூன் செய்ய முடியாது.

மார்ச் 13

"ஓ-ரிங் மாத்தினேன், இன்னும் ஓட்டிப் பாக்கலை. கையால சுத்தினா மேல வரும்போது இறுகுது, கீச்சுனு சத்தம். பயமா இருக்கு. உள்ள தேச்சுடவா?"

தேய்க்காதீர்கள்! எமரித் தாள் அருகிலேயே வரக் கூடாது.

அது ஏபிஎன் வகை என்றால், அலுமினியப் பிஸ்டன், நிக்கல் பூசிய பித்தளை லைனர். லைனர் மேலே குறுகலாகத்தான் செய்யப்பட்டிருக்கும். சூடேறும்போது மேல்பகுதி விரியும், அப்போதுதான் இடைவெளி சரியான அளவுக்கு வரும். குளிர்ந்திருக்கும்போது மேல் உச்சியில் இறுகுவது நல்ல அறிகுறி, கம்ப்ரெஷன் இருக்கிறது என்று அர்த்தம். கையால் சும்மா சும்மா சுற்றிப் பார்க்காதீர்கள், பிஸ்டனை உச்சியில் நிறுத்தியும் வைக்காதீர்கள். தலைப்பகுதியை லேசாகச் சூடாக்கிவிட்டு ஸ்டார்ட் செய்தால் அதற்கும் சுகம், உங்கள் விரலுக்கும் சுகம்.

இதே காரணத்துக்காக, இந்த வகையை மிகவும் ரிச்சாக, சூடே ஏறாமல் வெகுநேரம் ஓட்டுவதும் தப்பு. லைனர் விரியாமலே பிஸ்டன் உரசிக்கொண்டிருக்கும். ரிங் போட்ட பழைய இன்ஜினுக்குச் சொன்ன புத்திமதியை எல்லாம் இதற்கும் சொல்லிவிடுகிறார்கள்.

மார்ச் 16

"அண்ணே, நிக்குது. ஐட்லிங்ல அஞ்சு நிமிஷம் விட்டுப் பாத்தேன், அசையலை. நீடில் ரெண்டேகால் சுத்து. நசுக்கிப் பாத்தேன், மூணு செகண்ட் தாங்கி, லேசா ஏறி ஆஃப் ஆச்சு. 10க்கு 6 ப்ரொபெல்லர்தான் போட்டிருக்கேன். மூக்கைத் தூக்கினா சத்தம் கொஞ்சம் கூடுது, குறையலை."

இதைப் படித்து எவ்வளவு மகிழ்ச்சி என்று சொல்லத் தெரியவில்லை. மூக்கைத் தூக்கும்போது சத்தம் லேசாகக் கூடுவதுதான் வேண்டும். கூடாமல் குறைந்தால் நீடிலை நாலைந்து கிளிக் திறக்கணும். டேங்கைப் பாதியாக்கி விட்டும் ஒரு முறை மூக்கைத் தூக்கிப் பாருங்கள்.

பறப்பதற்கு முன் இன்னொன்று: டேங்கின் நடுக்கோடு நீடிலின் உயரத்தோடு ஒட்டி, அல்லது அதற்குச் சற்றே கீழே இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். மேலே இருந்தால் நிறைந்த டேங்கில் ரிச், காலியாகும்போது லீன் என்று ஆடும்.

மார்ச் 17

மூன்று பிளக்கையும் லென்ஸில் பார்த்துப் படம் அனுப்பியிருந்தார். இரண்டின் கம்பி கண்ணாடி மாதிரி மின்னுகிறது. ஒன்று மங்கிச் சாம்பல் பூத்திருக்கிறது, நாலு சுற்றில் லீனாக ஓடிய நாட்களில் மாட்டியிருந்ததாம். மூன்றும் நன்றாக இருக்கும் என்று 3ஆம் தேதி எழுதியது மூன்றில் இரண்டுக்குத்தான் சரி. மங்கியதைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன். மற்ற இரண்டும் பெட்டியில் இருக்கட்டும்.

மார்ச் 22

பறந்துவிட்டது. பதினோரு நிமிடம், ஒரே இரைச்சல், இறங்கும்போதும் ஐட்லிங் தாங்கியதாம். இறங்கியதும் டியூபைப் பிடுங்கி, கார்புரேட்டரில் மிச்சம் இருப்பது காலியாகும் வரை ஓடவிட்டு, ஓட்டி முடித்த பிறகு உள்ளே துருப்பிடிக்காமல் காக்கும் ஆஃப்டர் ரன் ஆயில் நாலு சொட்டு விட்டிருக்கிறார்.

நான் நேற்று என் 10 சிசி டேங்கைத் திறந்தேன். உள் டியூப், பித்தளை முனை இருக்கும் இடத்தில், வளைத்தால் ஒரு வெளிர் கோடு. இன்னும் கிழியவில்லை. மாற்றிவிட்டேன்.